மொரப்பூரிலிருந்து பிரிந்த சிறு பாதை

தருமபுரிக்குப் புகைவண்டி முதன்முதலில் எப்பொழுது வந்தது என்னும் வினாவை, நான் ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில் வகுப்புதோறும் கேட்பது வழக்கம். சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் இருப்புப்பாதை 1960-களில் போடப்பட்டது. அதனையே பலரும் விடையாகக் கூறுவர். அவ்விடை பொருந்தாது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1906-ஆம் ஆண்டில், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு சிறு பாதை போடப்பட்டு, அதில் நீராவி வண்டி ஓடிற்று. 1913-இல் அப்பாதை ஓசூர் வரை நீண்டது. 1941-இல் மறைந்தும் போயிற்று. வந்த ஊருக்கே மீண்டும் ஒருமுறை புகைவண்டி வரவேண்டியதாயிற்று. அச்சிறு பாதை ஏன் வந்தது, ஏன் போயிற்று என்பதைச் சிறிது ஆராய்வோம். அதற்குக் கடல் கடந்து இங்கிலாந்துக்கும் ஒருமுறை சென்று வரவேண்டும்.

நீராவியால் இயங்கும் வண்டியைத் தண்டவாளத்தின் மீது முதலில் ஓட்டிக் காட்டியவர் டிரெவிதிக் என்னும் பொறியாளர். 1804-இல் வேல்ஸ் நாட்டின் பெனிடாரன் இரும்பாலையில் அவருடைய எஞ்சின் பத்து டன் இரும்பையும் எழுபது ஆட்களையும் ஏறத்தாழ ஒன்பது மைல் தொலைவு இழுத்துச் சென்றது. எஞ்சின் வென்றது, தண்டவாளம் தோற்றது. வார்ப்பிரும்பாலான அக்காலத் தண்டவாளங்கள் எஞ்சினின் எடையைத் தாங்கமாட்டாமல் முறிந்தன. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் எடைக்கும் அதைத் தாங்கும் பாதைக்கும் உள்ள இந்த வழக்குத்தான் கிளைப்பாதைகளின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்றது.

1825-இல் ஸ்டாக்டன், டார்லிங்டன் என்னும் ஊர்களுக்கிடையே பொதுமக்களுக்கான பாதை திறக்கப்பட்டது. 1829-இல் ரெயின்ஹில் என்னுமிடத்தில் நடந்த போட்டியில் ஸ்டீவன்சனின் ‘ராக்கெட்’ எஞ்சின் வெற்றி பெற்றது. அதன் சிறப்பு யாது? அதற்கு முந்திய எஞ்சின்களில் நெருப்பின் வெப்பம் ஒரே பெரிய குழாயின் வழியே கொதிகலனுக்குள் சென்றது. ராக்கெட்டில் இருபத்தைந்து சிறு செப்புக்குழாய்கள் நீரினூடே சென்றன. குழாய்கள் பலவானால் நெருப்பு நீரைத் தொடும் பரப்பும் பலமடங்காகும். நீராவியும் விரைவாக உண்டாகும். மேலும், சிலிண்டரில் தன் வேலையை முடித்த நீராவி வீணே வெளியேறாமல் புகைபோக்கியின் வழியே மேல்நோக்கிச் செலுத்தப்பட்டது. அது புகையைத் தன்னுடன் இழுத்துச் செல்ல, அவ்விடத்தை நிரப்பப் புதிய காற்று நெருப்பினூடே பாய்ந்தது. எஞ்சின் எவ்வளவு கடுமையாக உழைக்கின்றதோ அவ்வளவு வலிமையாக நெருப்பும் எரியும். நீராவி எஞ்சினின் ‘சுக் சுக்’ என்னும் ஓசை இவ்வாறு நீராவி வெளிப்படும் ஓசையே.

ஸ்டீவன்சன் தம் பாதைகளுக்கு நிலக்கரிச் சுரங்க வண்டிகளின் வழக்கத்தையொட்டி 4 அடி 8½ அங்குல அகலம் வைத்தார். புரூனல் என்னும் வேறொரு பொறியாளரோ, லண்டனிலிருந்து மேற்கே சென்ற தம் பாதைக்கு 7 அடி அகலம் வேண்டுமென்றார். அகன்ற பாதையில் வண்டி விரைவாகவும் ஆட்டமின்றியும் ஓடும் என்பது அவர் கருத்து. அது சரியே. ஆயினும் இரண்டு அகலங்களும் குளோஸ்டர் நகரில் சந்தித்தபொழுது நேர்ந்ததென்ன? ஒரு பாதையின் வண்டி மற்றொரு பாதையில் ஏறாது. ஒவ்வொரு மூட்டையையும் பெட்டியையும் ஆட்கள் இறக்கி மறுவண்டியில் ஏற்றினர். நாட்டில் பெரும் பூசல் எழுந்து, 1846-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றிக் குறுகிய அகலத்தையே பொது அளவாக்கியது. புரூனலின் அகலப்பாதை 1892 வரை உயிரோடிருந்து பின் மறைந்தது. குளோஸ்டரில் கற்ற பாடத்தை இந்நாட்டில் இரயில்வே நடத்தியவர்கள் நன்கு அறிவர். அறிந்திருந்தும் மொரப்பூரில் ஏன் இரண்டு அகலங்களைச் சந்திக்க வைத்தனர் என்பதே நம் வினா.

இந்தியாவில் முதன்மைப் பாதைகளுக்கு 5 அடி 6 அங்குல அகலம் முடிவு செய்யப்பட்டது. பம்பாய்க்கும் தாணேக்கும் இடையே 1853-இலும், தெற்கே இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பகுதியிலுள்ள வாலாஜா வரை 1856-இலும் பாதை திறக்கப்பட்டது. சென்னை இரயில்வேக் கம்பெனியார் அப்பாதையை மேற்கே கொண்டுசென்று, 1861-இல் சேலத்தையும் 1862-இல் மலையாளக் கரையையும் எட்டினர். ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி என்று நாம் நன்கறிந்த நிலையங்கள் அப்பாதையில் அமைந்தவையே. கம்பெனியார் போட்ட முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டி கிடைக்கும் என்று அரசாங்கம் உறுதி கூறியிருந்தது. வண்டி ஓடி இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்குப் பணம் உண்டு. குறைந்ததை இந்நாட்டு வரிப்பணம் ஈடுசெய்யும். சிக்கனத்துக்கு இது நல்ல ஆசானன்று என்பதைக் கூறவும் வேண்டுமோ!

இப்பாதை தருமபுரியைத் தொடாமலே சென்றது. சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைப்பதே அதன் நோக்கம். வழியிலுள்ள ஊர்கள் அதற்குப் பெரிதல்ல. நம் கடத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே மொரப்பூர், தெற்கே பொம்மிடி, வடமேற்கே தருமபுரி என இருக்கும் இவ்வூரார்க்கு இரயில் எட்டும் தூரத்தில் இருந்தது. தருமபுரிக்கு அப்பாலுள்ள பாலக்கோடு, பென்னாகரம், ஓசூர்ப் பகுதி மக்களுக்கோ அது தொலைவில் கேட்கும் ஊதல் ஓசையாகவே இருந்தது.

இந்த இடைவெளியின் விலை 1876-இல் தெரிந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிக் கூறிய பஞ்சம் அது. இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அடங்கியிருந்தன. 1871-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 19 இலட்சத்துக்கு மேல். 1881-இல் அது 16 இலட்சம் அளவுக்குக் குறைந்தது. பத்தாண்டில் பெருகியிருக்கவேண்டிய தொகை இவ்வாறு சுருங்கியதென்றால், எத்தனை வீடுகள் விளக்கற்றுப் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. பஞ்சம் வந்தபோது சேலம் மாவட்டத்தில் இரயில் இல்லாமலில்லை; அது வந்து பதினைந்து ஆண்டுகளாகியிருந்தன. வெளியிலிருந்து வரும் தானியத்தை அது நிலையம் வரை கொண்டுவந்து சேர்க்கும். நிலையத்திலிருந்து இருபது, முப்பது மைல் உள்ளே கொண்டு செல்வது மாட்டுவண்டியின் பொறுப்பு. மழையில்லையேல் புல்லில்லை; புல்லில்லையேல் மாடில்லை. மனிதன் பட்டினி கிடப்பதற்கு முன்பே வண்டிமாடுகள் மடிந்துவிடும். தப்பிய மாடும் ஒரு நாளைக்கு இருபது மைல் நடப்பது அரிது. போகவர வேண்டிய தீவனத்தையும் அதே வண்டியில் ஏற்றினால் தானியத்துக்கு இடம் குறையும். நிலையத்தில் மூட்டையும், முப்பது மைலுக்கப்பால் பசியும் இருக்க, இடைப்பட்ட தூரமே பஞ்சமாக நின்றது.

பஞ்சத்தை ஆராய ரிச்சர்டு ஸ்டிரேச்சி என்பவர் தலைமையில் அமைந்த குழு 1880-இல் அறிக்கை தந்தது. நாட்டில் 20,000 மைல் இருப்புப்பாதை அமைந்தாலன்றிப் பஞ்ச அச்சம் நீங்காது என்றும், 5,000 மைல் உடனே வேண்டுமென்றும் அக்குழு கூறிற்று. இலாபத்துக்காக அன்றிப் பஞ்சத் தடுப்புக்காகவே பாதைகள் போடலாம் என்னும் கொள்கை இவ்வாறு உருவாயிற்று. இதனை எல்லாரும் ஒப்பவில்லை. இரயிலுக்குச் செலவிடும் பணத்தைக் கால்வாய்க்குச் செலவிட்டால் பஞ்சமே வாராதே என்று வாதிட்டவர்களுள் தலையாயவர் சர் ஆர்தர் காட்டன். சென்னையை அடுத்த செங்குன்றத்திலிருந்து கல் கொண்டுவர 1830-களில் போடப்பட்ட, இந்நாட்டின் முதல் தண்டவாளப் பாதையோடு தொடர்புடையவரும் அவரே என்பது வியப்பு. பின்னர் ரொமேஷ் சந்திர தத்தரும் பாசனத்தைப் புறக்கணித்து இரயிலுக்குப் பொருளை வாரி இறைத்ததைக் கடுமையாகக் கண்டித்தார். வறண்ட நம் மாவட்டத்தில் வாழ்பவன் என்னும் முறையில் அவர்கள் பக்கமே என் மனம் பெரிதும் சாய்கின்றது. எனினும், பெரிய ஆற்றுப்பாசனத்துக்கு எளிதில் இடங்கொடாத இம்மேட்டு நிலத்தில் பாதையும் வேண்டுவதே.

ஆனால் பஞ்சத் தடுப்புப் பாதைக்குப் பஞ்சமில்லா ஆண்டுகளில் போதிய வருவாய் இராது. ஆகவே அதனை மிகக் குறைந்த செலவில் போடவேண்டும். இங்கேதான் இரண்டரை அடிப் பாதை வந்து நுழைகின்றது. பாதை குறுகினால் செலவு ஏன் குறைகின்றது என்பதைக் காண்போம். தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தூரம் குறைவதால் மரக்கட்டைகளின் நீளம் குறையும், மண்கரையின் மேலகலம் குறையும், பாலங்கள் சிறுக்கும். இவற்றினும் பெரிது வளைவு. குறுகிய பாதை சிறு வளைவுகளிலும் திரும்பவல்லது. ஆதலின் குன்று எதிர்ப்பட்டால் வெட்டவேண்டா, ஏரி எதிர்ப்பட்டால் நிரப்பவேண்டா, சுற்றிக்கொண்டு செல்லலாம்.

இதில் இன்னொரு நுட்பத்தைக் கண்டவர் எவரார்டு கால்திராப் என்னும் ஆங்கிலப் பொறியாளர். பாதையின் வலிமையைத் தீர்மானிப்பது வண்டியின் மொத்த எடையன்று. ஓர் அச்சின் மீது விழும் எடையே. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் அச்சுகளை மிகுதிப்படுத்தி, எந்த அச்சிலும் ஐந்து டன்னுக்கு மேல் விழாமல் பகிர்ந்துவிட்டால், மெல்லிய தண்டவாளமே பெரும்பாரத்தையும் தாங்கும். டிரெவிதிக்கின் தண்டவாளம் முறிந்த கதைக்கு நூறாண்டுக்குப் பின் கிடைத்த விடை என்று இதனைக் கூறலாம். மராட்டிய நாட்டில் அவர் அமைத்த பார்சி இரயில்வே 1897-இல் இரண்டரை அடி அகலத்தில் திறக்கப்பட்டது. அது உலகெங்கும் பொறியாளர்களின் கருத்தைக் கவர்ந்தது. இங்கிலாந்திலும் 1896-இல் இலகு இரயில்வேச் சட்டம் இயற்றப்பட்டு, சிற்றூர்களுக்குச் சிக்கனமான பாதைகள் போட வழி திறந்தது. அதன்படி ஸ்டாஃபோர்டுஷயர் மாவட்டத்தில் லீக் அண்டு மேனிபோல்டு என்னும் எட்டு மைல் பாதையைக் கால்திராப்பே 1904-இல் அமைத்தார். அகலம் அதே இரண்டரை அடி.

அடுத்த ஆண்டு, 1905-இல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறத்தாழ 25 மைல் நீளத்தில் ஒரு குறும்பாதை திறக்கப்பட்டது. 1906-இல் மொரப்பூர்–தருமபுரிப் பாதை. நீளம் ஏறத்தாழ 18½ மைல். இரண்டும் அரசாங்கத்தின் செலவில் பஞ்சத் தடுப்பை முன்னிட்டு எழுந்தவை. இரண்டும் இரண்டரை அடி அகலம் உடையவை. சென்னை இரயில்வேயாரின் பொறுப்பிலிருந்த இவை 1908 முதல் தென்னிந்திய இரயில்வேயாரின் கைக்கு வந்தன. 1913-இல் ஓசூர் வரை நீண்டபின் மொரப்பூர்ப் பாதையின் மொத்த நீளம் 70 மைலைக் கடந்தது. தருமபுரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 அடி உயரத்திலும், ஓசூர் ஏறத்தாழ 2,900 அடி உயரத்திலும் உள்ளன. சிறிய எஞ்சினுக்கு இது எளிய ஏற்றமன்று. ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கும் பாரத்தைக் குறைக்கவேண்டும். நிலக்கரியும் நீரும் மிகுதியாகச் செலவாகும். நீராவி எஞ்சினுக்கு நெருப்பைவிட நீரே பெரும் கவலை. வழியிடையே நீர் கிடைக்கும் நிலையங்களை வைத்துத்தான் அதன் பயணத்தை வகுக்க இயலும். கிணறுகள் கோடையில் வற்றும் நம் பகுதியில் இதனை எளிதாகக் கருதிவிடலாகாது.

அவ்வண்டியின் வேகம் இன்றைய மாணவருக்கு நகைப்பைத் தரலாம். மணிக்குப் பன்னிரண்டு மைல் என்று வைத்துக்கொண்டாலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒன்றரை மணிநேரம். ஆனால் அதே தொலைவு மாட்டுவண்டிக்கு ஒரு முழுநாள். திரும்ப மற்றொரு நாள். வண்டிமாட்டை அளவுகோலாகக் கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு அச்சிறு வண்டி காற்றாகவே தோன்றியிருக்கும்.

இனி அதன் குறையைக் காண்போம். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு மூட்டை புளி சென்னைக்குப் போகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மாட்டுவண்டியில் ஏற்றவேண்டும், தருமபுரி நிலையத்தில் இறக்கவேண்டும், சிறு இரயிலில் ஏற்றவேண்டும், மொரப்பூரில் இறக்கவேண்டும், பெரிய இரயிலில் ஏற்றவேண்டும், சென்னையில் இறக்கவேண்டும். ஆறு முறை கைபட்டபின்பும் அது கடைக்குச் சென்று சேரவில்லை. தொலைவு மிகுதியானால், ஏற்றி இறக்கும் கூலி பல மைல்களின் மீது பரவி, உறுத்தாமல் போகும். பதினெட்டு மைலுக்கே பாதை மாறவேண்டுமானால் கூலி அவ்வளவும் அப்பதினெட்டு மைலின் தலையில் விழும். குளோஸ்டரின் தொல்லை சிறிய அளவில் மொரப்பூரில் நாள்தோறும் நடந்தது எனலாம். மேனிபோல்டுப் பாதையில் கால்திராப் இதற்கு ஓர் உபாயம் செய்தார்: பெரிய பாதையின் பெட்டியை அப்படியே தூக்கிச் சுமக்கும் தாழ்வான சிறு வண்டிகள். நம் அகலப்பாதைப் பெட்டியோ ஆங்கிலப் பெட்டியினும் அகலமும் எடையும் மிக்கது. இரண்டரை அடித் தண்டவாளத்தின் மேல் அதனைச் சுமப்பது எளிதாகாது.

மாட்டுவண்டி ஒன்றே போட்டியாக இருந்தவரை இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார் பஸ்ஸும் லாரியும் வந்தன. லாரி களத்துமேட்டில் ஏற்றிக் கடைவாசலில் இறக்கிவிடும். ஆறு கை இரண்டாகக் குறைந்தது. பஸ்ஸோ நிலையத்துக்கு வரும்படி பயணியை அழைக்காமல், அவன் நிற்கும் ஆலமரத்தடிக்கே வந்தது. மேலும், இரயில் தன் பாதையைத் தானே போட்டுத் தானே காக்கவேண்டும்; லாரிக்குச் சாலையைப் பொதுப்பணம் போட்டுத் தந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் இப்போட்டி கடுமையாயிற்று. மிச்செல், கிர்க்னெஸ் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 1933-இல் அறிக்கை விடுக்கும் அளவுக்கு நாடெங்கும் இரயில்வேக்கள் கலங்கின. 1936-இல் திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை மூடப்பட்டது. இங்கிலாந்தின் மேனிபோல்டுப் பாதையும் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1934-இல், தன் பால் போக்குவரத்தைச் சாலைக்குப் பறிகொடுத்து மூடப்பட்டிருந்தது. ஓராண்டு இடைவெளியில் பிறந்த இரு பாதைகள், ஏறத்தாழ ஒரே வயதில், ஒரே நோயால் மடிந்தன.

மொரப்பூர்ப் பாதை இன்னும் சில ஆண்டுகள் தாங்கியது. இரண்டாம் உலகப் போர் மூண்டபின் தண்டவாளத்துக்கும் எஞ்சினுக்கும் தேவை பெருகியது. வருவாய் குறைந்த கிளைப்பாதைகள் பலவற்றை நாடெங்கும் பெயர்த்தெடுத்தனர். 1941-இல் மொரப்பூர்–ஓசூர்ப் பாதையும் மூடப்பட்டது. பஞ்சத்திலிருந்து காப்பதற்காகவே வந்த பாதை அது. போரின் பிற்பகுதியில் அரிசிக்குத் தட்டுப்பாடும் உணவுப் பங்கீடும் வந்தபோது, காக்கவேண்டிய அப்பாதை மண்மேடாகக் கிடந்தது.

போர்க்காலத்தில் பறிபோன பாதைகள் எல்லாம் மீளாமல் போகவில்லை. சோரனூர்–நிலம்பூர்ப் பாதையும் 1941-இல் பெயர்க்கப்பட்டதே. விடுதலைக்குப் பின் 1950-களில் அது மீண்டும் போடப்பட்டது. மதுரை–போடிநாயக்கனூர்ப் பாதையும் அவ்வாறே போரில் மறைந்து, 1950-களில் மீண்டது. இவ்விரண்டும் குறும்பாதைகளாக இருக்கவில்லை என்பதைக் கருதவேண்டும். தாய்ப்பாதையோடு ஒரே அகலத்தில் ஒட்டியிருந்த கிளைகளைத் திரும்ப நடுவது எளிது. மொரப்பூர்க் கிளைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1960-களில் சேலத்திலிருந்து தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு மீட்டர் பாதை வந்தபோது தருமபுரிக்கு மறுபடியும் இரயில் கிடைத்தது. அப்பாதை 1990-களில் அகலப்பாதையாயிற்று. ஆயினும் தருமபுரியிலிருந்து சென்னை செல்வோர் மொரப்பூருக்குப் பஸ்ஸிலேதான் வரவேண்டியிருந்தது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததையும் கூறவேண்டும். 1963-இல் பீச்சிங் என்பவர் பிரிட்டிஷ் இரயில்வேக்கு ஓர் அறிக்கை தந்தார். பாதை நீளத்தில் மூன்றில் ஒரு பகுதி, பயணிகளின் பயணத்தில் நூற்றில் ஒரு பங்கையே சுமக்கின்றது என்று அவர் கணக்கிட்டார். 2,363 நிலையங்களை மூடும்படி கூறினார். கணக்கில் பிழையில்லை. ஆனால் கிளைப்பாதையின் வருவாயைத் தனியே எடுத்து நிறுப்பது முறையா? ஓடை தானே கடலை அடைவதில்லை. ஆற்றுக்கு நீர் தருவதே அதன் தொழில். கிளைப்பாதை மூடப்பட்ட ஊரார் தம் காரில் ஏறித் தாய்ப்பாதையின் நிலையத்துக்கு வருவர் என்று எதிர்பார்த்தனர். காரில் ஏறியவர் பலர் போகுமிடம் வரை காரிலேயே சென்றுவிட்டனர்! 1968-இல் அந்நாட்டு முதன்மைப் பாதைகளில் நீராவி வண்டியின் அன்றாட ஓட்டமும் நின்றது. மூடிய கிளைகளில் சிலவற்றை ஆர்வலர்கள் தம் உழைப்பால் மீட்டு இன்றும் ஓட்டுகின்றனர். வேல்ஸில் தாலிலின் பாதையை 1951-இலேயே இவ்வாறு மீட்டனர். மேனிபோல்டுப் பாதையின் தடம் நடைபாதையாக உள்ளது. நம் நாட்டில் நீராவியின் மணத்தை நுகர விரும்புவோர் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை இரயிலில் செல்லலாம். 1899-இல் திறக்கப்பட்ட அப்பாதை, பற்சக்கரத்தின் துணையால் மலையேறுவது.

2019-இல் மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே புதிய அகலப்பாதைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. திட்டத்தில் அதன் நீளம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர். பழைய பாதையோ 30 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பழையது வளைந்து செல்லவல்ல குறும்பாதை. புதியது பெரிய வண்டிக்கான பாதை. மேலும், ஊர்கள் வளர்ந்து நிலத்தின் நிலையும் மாறிவிட்டது. இரு முனைகளிலும் தாய்ப்பாதையின் அகலமும் கிளையின் அகலமும் ஒன்றே. தருமபுரியில் ஏற்றிய மூட்டையை மொரப்பூரில் இறக்கவேண்டிய தேவை இதில் இராது.